சாத்தான் ஏன் கார் விற்கிறான்?

மலைக்கோட்டை முரளி எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி புது கார் எடுத்தான். சக்கர ரிம் வரை கறுப்பு. 2019-ல் டாடாக்காரர்கள் ஹாரியரில் 'டார்க்' என்று ஒன்றை இறக்கினார்களே, அந்த வரிசை வண்டி. மாணிக்க விநாயகர் கோயில் பக்கம் நிறுத்திப் பூஜை போட்டோம். குருக்கள் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கறுப்பில் அது எடுப்பாகத்தான் இருந்தது. அம்மா மட்டும் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எமன் எருமையை விட்டுட்டு இனிமே இதுலயே வரலாம் போலிருக்கே" என்றார். தம்பிக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

ராத்திரி சாப்பிடும்போது அவன் தன் கட்சிக்கு ஆதாரம் காட்டுகிற மாதிரி போனில் ஒரு விளம்பரத்தைப் போட்டான். மெர்சிடிஸ் சிஎல்ஏ காருக்காக 2013 சூப்பர் பவுலின்போது, அதாவது அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின்போது வந்தது. ஒரு ஓட்டலில் இளைஞன் ஒருவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். எதிர்த்த கட்டடத்தில் கார் விளம்பரப் பலகை ஒன்றை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவன் அதையே பார்க்க, எதிர் நாற்காலியில் நடிகர் வில்லெம் டஃபோ வந்து உட்காருகிறார். கறுப்பு கோட், நீள நகம். பார்த்த உடனே யார் என்று தெரிந்துவிடும். ஒப்பந்தத்தை நீட்டி, இதில் கையெழுத்துப் போடு, காரும் அதோடு வருகிற எல்லாமும் உனக்கு என்கிறார். மாடல் அழகி கேட் அப்டன் கையைக் கோத்துக்கொண்டு சிவப்புக் கம்பளம், பாடகர் அஷர் கூட ஆட்டம், பத்திரிகை அட்டையில் படம், ரேஸ் மைதானம் என்று பையன் கனவில் மிதக்கிறான். பின்னணியில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு. பேனா தாளில் படப்போகிற நேரத்தில் எதிரே பலகை முழுதாக விரிகிறது. விலை 29,900 டாலரில் ஆரம்பம். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பையன் சொல்லிவிட, சாத்தான் புகையாகப் போகிறான்.

அம்மா முழுசாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கார் விக்கிறவனுக்கு எதுக்குடா பிசாசு? வேற ஆளே கிடைக்கலையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

கிளட்ச் கார்த்தி எழுதியது:

இது சாத்தான் கார் விற்ற கதை. சாத்தானே காராக வந்த கதையும் இருக்கிறது முரளி அண்ணா.

அமெரிக்காவில் டாட்ஜ் கம்பெனி 1971 மாடலாக ஒரு வண்டியை விட்டது. பெயர் டீமன். பக்கவாட்டில் ஒட்டிய படத்திலேயே கையில் திரிசூலம் பிடித்த குட்டிச் சாத்தான் சிரித்துக்கொண்டிருக்கும். பார்க்கப் பயமாகவே இருக்காது, வால் முளைத்த வாண்டுப் பையன் மாதிரி இருக்கும். ஆனாலும் மத அமைப்புகள் விடவில்லை. குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போகிற வண்டிக்கு இதுவா பெயர் என்று எதிர்ப்பு. இரண்டே வருஷம். 1973 மாடலில் சாத்தானைச் சுரண்டி எடுத்துவிட்டு 'டார்ட் ஸ்போர்ட்' என்று சாதுவாகப் பெயர் வைத்துவிட்டார்கள். வண்டி கிட்டத்தட்ட அதேதான்.

லம்போர்கினி டியாப்லோ (1990) என்றால் பலர் சாத்தான் கார் என்கிறார்கள். அர்த்தம் அதுதான், ஆனால் பெயர் வந்தது ஒரு காளையிடமிருந்து. 1869-ல் மாட்ரிட்டில் சண்டைக்கு இறங்கிய மாடு அது. நம்ம ஊரில் வாடிவாசல் காளைகளுக்குப் பெயர் வைப்பதில்லையா, அந்த மாதிரி.

வசனம் வாசு எழுதியது:

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பதினோரு வருஷம் வாசகம் எழுதிக் குப்பை கொட்டியவன் நான். முரளி அம்மா கேட்டது எங்கள் தொழிலின் அடிமடியில் கை வைக்கிற கேள்வி.

அந்த மெர்சிடிஸ் விளம்பரத்தை இன்னொரு தடவை பாருங்கள். சாத்தான் அங்கே வந்தது விலையைச் சின்னதாகக் காட்டத்தான். 29,900 டாலர் என்று சும்மா எழுதினால் அது ஒரு தொகை. 'உன் ஆன்மாவைக் கொடு' என்று ஒருத்தன் கேட்டு முடித்த அடுத்த நொடியில் எழுதினால் அட, இவ்வளவுதானா என்று தோன்றும். காய்கறிக் கடையில் முதலில் கிலோ எண்பது என்று சொல்லிவிட்டு அப்புறம் ஐம்பதுக்குத் தருகிற அதே உத்திதான். அந்த வருஷம் சூப்பர் பவுல் நடந்த இடம் நியூ ஆர்லியன்ஸ். மைதானத்தின் பெயரே அப்போது மெர்சிடிஸ் பென்ஸ் சூப்பர்டோம். 30 விநாடிக்கு ஏறக்குறைய 40 லட்சம் டாலர் கேட்ட நிகழ்ச்சியில் சாத்தானைக் கூட்டிவந்து பேரத்தில் தோற்கடித்து அனுப்பினார்கள்.

இதற்கு முன்னோடி பிஎம்டபிள்யூ. 2002-ல் இசட்4 காருக்காக ஒரு குறும்படம் எடுத்தார்கள். இயக்கம் டோனி ஸ்காட். பாடகர் ஜேம்ஸ் பிரவுன் அவராகவே நடித்தார். புகழுக்காக 1954-ல் ஆன்மாவை எழுதிக் கொடுத்தவர், வயசாகி இடுப்பு வளையாமல் போனதும் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும் என்று சாத்தானிடமே திரும்பப் போகிறார். சாத்தானாக வருவது நடிகர் கேரி ஓல்ட்மன். லாஸ் வேகாஸ் தெருவில் விடியற்காலையில் கார் பந்தயம் வைத்து முடிவு செய்வோம் என்று பேச்சு. பிஎம்டபிள்யூவை ஓட்டுவது கிளைவ் ஓவன். சாத்தான் தரப்புக்குக் கொடுத்த வண்டி எது தெரியுமா? போன்டியாக் டிரான்ஸ் ஆம். போட்டிக் கம்பெனி காரில் சாத்தானை ஏற்றிவிட்டார்கள், அந்தக் குசும்பை நான் இன்னும் ரசிக்கிறேன். தோற்றது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில், சாத்தான் வேஷத்துக்கே பேர்போன ராக் பாடகர் மர்லின் மேன்சன் அறைக் கதவைத் திறந்து, சத்தம் போடாதீர்கள், பைபிள் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று கோபித்துக்கொள்வார்.

தெற்கத்தி டீக்கடை எழுதியது:

மேலை நாட்டுக் கலாசாரம் நம் வீட்டுக்குள் நுழைவதே இப்படித்தான். இன்று கார், நாளை குழந்தைக்குச் சாத்தான் என்று பெயர் வைப்பார்கள். கறுப்புக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெள்ளை வாங்கச் சொல்லுங்கள்.

கிளட்ச் கார்த்தி எழுதியது:

டீக்கடை அண்ணா, நம்ம ஊரில் குழந்தைக்குக் கறுப்பசாமி என்றும் காட்டேரி என்றும் பெயர் வைத்துப் பல தலைமுறை ஆயிற்று. அந்தக் குழந்தைகளெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஜெபமணி நாகர்கோவில் எழுதியது:

வாசு சார் சொன்ன பேரக் கணக்கு சரிதான். ஆனால் அந்த விளம்பரத்தில் ஒன்றை அவர் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குப் போன யாருக்கும் அந்தக் காட்சி பழக்கமானது. வனாந்தரத்தில் இயேசுவை மலைமேல் கூட்டிக்கொண்டுபோய் உலகத்தின் ராஜ்யங்களையெல்லாம் காட்டி, என்னைப் பணிந்தால் இதெல்லாம் உனக்கு என்று சாத்தான் சொல்கிறான். மத்தேயு நாலாம் அதிகாரம். ஓட்டல் ஜன்னல் வழியாக அந்தப் பையனுக்குக் காட்டியதும் அதுவேதான். வித்தியாசம் ஒன்று. இயேசு ராஜ்யமே வேண்டாம் என்றார். பையன் ராஜ்யம் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேறு கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்றான். சாத்தான் தோற்றதாக எனக்குத் தெரியவில்லை சார். கமிஷன் வாங்காமல் போனான், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஒனிடா டிவி வாங்க அப்பா சம்மதிக்கவே இல்லை, இதே காரணத்துக்காக. கொம்பும் வாலும் வைத்த அந்தப் பச்சை மனிதரை 80களில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அக்கம்பக்கத்தாருக்குப் பொறாமை, வைத்திருப்பவருக்குப் பெருமை என்று விளம்பரம். பொறாமை ஒரு பாவம் என்று காலையில் பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் அதையே சொல்லி விற்கிற பெட்டியில் செய்தி பார்ப்பதா என்பது அவர் கட்சி. அப்போது எங்களுக்கு அவர்மேல் பயங்கரக் கோபம். இப்போது யோசித்தால் அந்த விளம்பரத்தை ஊரிலேயே ஒழுங்காகப் புரிந்துகொண்டவர் அவர்தான் என்று தோன்றுகிறது.

வசனம் வாசு எழுதியது:

அக்கா, 'கமிஷன் வாங்காமல் போனான்' என்பதை நான் எழுதியிருந்தால் அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும். ஒப்புக்கொள்கிறேன்.

மலைக்கோட்டை முரளி எழுதியது:

ஜெபா அக்கா சொன்னதைப் படித்ததும் இன்னொன்று உறைத்தது. அந்த விளம்பரத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்லும்போது தடுமாறினேன். சாத்தான் என்றால் அது பைபிள் வார்த்தை. பேய் என்றால் பேரம் பேசாது. பிடிக்கும், ஆட்டும், வேப்பிலை அடித்தால் ஓடும். தாளை நீட்டி 'கீழே கையெழுத்துப் போடு' என்று எந்தப் பேயும் கேட்டதில்லை. அரக்கன் தவம் செய்து வரம் வாங்குவான், தருகிற இடத்தில் இருக்க மாட்டான்.

நாம் பேரம் பேசுவது சாமியிடம்தான். பையன் பாஸானால் மொட்டை, வேலை கிடைத்தால் பால்குடம், கார் வாங்கினால் முதல் ஓட்டம் சமயபுரத்துக்கு. அதிலும் சாமி கேட்பதில்லை, நாமாகச் சொல்லிவிட்டு நாமாகத் தவணை கட்டுகிறோம்.

திருச்செங்கோடு சேகர் எழுதியது:

எங்க அப்பா லாரி பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்டர். எங்கள் ஊரிலும் நாமக்கல்லிலும் அந்தத் தொழில் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வண்டி முன்பக்கம் முருகனோ அம்மனோ. பின்பக்கம் பூத முகம். உருட்டின கண்ணு, தொங்கின நாக்கு, ரெண்டு கோரப்பல். கீழே பழைய செருப்பு ஒன்று கட்டித் தொங்கும்.

அப்பா பூதத்தை வரையும்போது கண்ணைக் கடைசியில்தான் வைப்பார். முகம், மீசை, பல்லு எல்லாம் காய்ந்த பிறகு, சின்ன பிரஷ்ஷை எனாமலில் தொட்டு இரண்டு பொட்டு. அதுவரை அது வெறும் பெயின்ட், பொட்டு வைத்ததும் பார்க்க ஆரம்பித்துவிடும். ஒரு ஓனர் வந்து, "பல்லு இன்னும் அரை இஞ்ச் நீளமா இருக்கட்டும், போன வண்டி ரெண்டு தடவை அடிபட்டுடுச்சு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது.

நான் சொல்லவந்தது இதுதான். நம்ம பூதம் பின்னால் வருகிறவனைப் பார்க்கும். அவன் கண்ணுதான் நம்ம வண்டிக்குக் கெடுதல், அதைத் திருப்பி அனுப்ப ஒரு வாட்ச்மேன். நீங்கள் காட்டின சாத்தான்கள் எல்லாம் ஓட்டுகிறவனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்க்கிறார்கள். முரளி அம்மாவுக்குக் குழப்பம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. வாசல் காவலுக்கு நிறுத்த வேண்டிய ஆளை எதற்கு நடுவீட்டில் உட்காரவைத்துக் காபி கொடுக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

தர்ஷன் ஸ்காபரோ எழுதியது:

சேகர் அண்ணை, உங்கட அப்பா வரைஞ்ச படம் ஏதும் இருந்தால் போடுங்கோ.

கார்த்தி தம்பி டீமன் கதையைப் பாதியில் விட்டிட்டார். 1973-ல் வெட்கப்பட்டு மறைச்ச அதே பெயரை டாட்ஜ் 2017-ல் திரும்ப எடுத்தது. நியூயோர்க் கண்காட்சியில் காட்டின சலஞ்சர் டீமன், 840 குதிரைத்திறன். கனடாவுக்கு ஒதுக்கினது 300 வண்டிதான், அமெரிக்காவுக்கு 3,000. பாரத்தைக் குறைக்க ஓட்டுநர் இருக்கை மட்டும் வைச்சு வித்தவை. பக்கத்து இருக்கை வேணுமெண்டால் ஒரு டொலர், பின் இருக்கை வேணுமெண்டால் இன்னொரு டொலர். இங்க எங்கட கூட்டாளி ஒருத்தர் அதைக் கேட்டிட்டு, மனுசி பக்கத்தில இருக்கிறதுக்கு ஒரு டொலரோ, இருக்காமல் விடுறதுக்கு நான் கனக்கத் தருவன் எண்டார். மனுசி பின்னால நிண்டது அவருக்குத் தெரியாது.

கிளட்ச் கார்த்தி எழுதியது:

ஹா ஹா. அண்ணா, அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. அந்த வண்டி கால் மைலை 9.65 விநாடியில் ஓடியது. அமெரிக்க டிராக் ரேஸ் சங்கமான என்எச்ஆர்ஏ, இந்த வேகத்துக்குப் பாதுகாப்புக் கூண்டு கட்டாயம், அது இல்லாத வண்டியை எங்கள் மைதானத்தில் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டது. மற்ற கம்பெனியாக இருந்தால் அந்தக் கடிதத்தை மேஜைக்குள் பூட்டியிருக்கும். டாட்ஜ் அதை எடுத்து விளம்பரமாக்கியது! ஆட்டோமோட்டிவ் நியூஸ் பத்திரிகை தலையங்கத்திலேயே இதைச் சாலையில் விடக்கூடாது என்று எழுதியது. அதுவும் அவர்களுக்கு இலவச விளம்பரம்தான். கடைசியாக 2023-ல் டீமன் 170 வந்தது, 1,025 குதிரைத்திறன்.

கவனியுங்கள், 71-ல் சர்ச்சுக்காரர்கள் பெயரைத்தான் எதிர்த்தார்கள், வண்டியை அல்ல. 2017-ல் பெயரைப் பற்றி ஒருத்தரும் பெரிதாகப் பேசவில்லை. வேகத்தைப் பார்த்துத்தான் பயந்தார்கள்.

மிட்நைட் மதன் எழுதியது:

காலேஜ் மூணாவது வருஷம். யமஹா எம்டி-15 வைத்திருக்கிறேன். 'ஜப்பானின் இருண்ட பக்கம்' என்றுதான் விற்றார்கள். அந்த வாக்கியத்துக்காகவே அப்பாவிடம் சண்டை போட்டு வாங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். மைலேஜ் அப்புறம்தான் பார்த்தேன். நாங்கள் யாரும் நிஜமாகவே இருட்டுப் பக்கம் போவதில்லை. லேப் ரெக்கார்டு முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம். வண்டி மட்டும் கொஞ்சம் கெட்டவன் மாதிரி இருந்தால் நன்றாக இருக்கிறது. இதில் என்ன தப்பு?

ஜெபமணி நாகர்கோவில் எழுதியது:

தப்பு ஒன்றுமில்லை தம்பி. ஹெல்மெட் போடுகிறீர்களா?

மிட்நைட் மதன் எழுதியது:

பெரும்பாலும்.

ஜெபமணி நாகர்கோவில் எழுதியது:

அந்தப் 'பெரும்பாலும்' என்ற வார்த்தையில்தான் ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

வசனம் வாசு எழுதியது:

கார்த்தி, நீங்கள் சொன்னதைத்தான் நானும் கொஞ்ச நாளாக யோசிக்கிறேன். கார் விளம்பரங்களில் தடைபட்டவை, மன்னிப்புக் கேட்க வைத்தவை என்று எனக்கு ஞாபகம் இருப்பவற்றை எடுத்துப் பார்த்தால் கொம்பு வைத்தவன் ஒருத்தனும் இல்லை.

ஜாகுவார் 2014-ல் 'கெட்டவனாக இருப்பது நல்லது' என்று ஒரு தொடரே எடுத்தது. பென் கிங்ஸ்லி, மார்க் ஸ்ட்ராங், டாம் ஹிடில்ஸ்டன் மூவரும் வில்லன்கள். அப்போதே கம்பெனி டாடாவுடையது, 2008-ல் வாங்கியாயிற்று. பிரிட்டனின் விளம்பர ஆணையம் அதில் ஹிடில்ஸ்டன் படத்தைத் தடை செய்தது. வில்லத்தனத்துக்காக அல்ல, வாகன நிறுத்துமிடத்திலிருந்து அவர் உறுமிக்கொண்டு கிளம்புவது பொறுப்பில்லாத ஓட்டுதலை ஊக்குவிக்கிறது என்று. உலகத்தை அழிக்கப்போகிறேன் என்று பேசலாம், ஆனால் ஆக்ஸிலரேட்டரைப் பார்த்து மிதிக்க வேண்டும்.

ஃபோர்டின் 'கா' என்ற சின்னக் காருக்கு ஸ்போர்ட்கா என்று ஒரு வகை. அதை 'காவின் பொல்லாத இரட்டைப் பிறவி' என்று விற்றார்கள். பானெட் பட்டென்று திறந்து ஒரு புறாவை அடிக்கும் படம் வந்தது. அப்புறம் 2004-ல், மேற்கூரை ஜன்னல் மூடிக்கொண்டு ஒரு பூனையின் கழுத்தை வெட்டுகிற படம் இணையத்தில் கசிந்தது. இதற்கு நாங்கள் அனுமதி கொடுக்கவே இல்லை என்று கம்பெனியும் விளம்பர நிறுவனமும் கையை விரித்தன. பூனை கணினியில் செய்ததுதான். ஆனாலும் பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கியது நிஜம்.

2013-ல் ஹூண்டாயின் ஒரு விளம்பரம், ஒரு மனிதர் உயிரை விடப் பார்த்து, இந்தக் காரின் புகையில் தண்ணீர் மட்டுமே இருப்பதால் பிழைத்து வருவதாக எடுத்திருந்தது. தன் அப்பாவை அப்படி இழந்த ஒரு பெண், அவரும் விளம்பர வாசகம் எழுதுகிறவர், திறந்த மடல் ஒன்று எழுதினார். விளம்பரத்தை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அந்த மடலைப் படித்த அன்று எங்கள் ஆபீஸில் மத்தியானம் வரை ஒருவரும் 'நறுக்கென்று ஒரு ஐடியா' என்று வாயைத் திறக்கவில்லை.

அதே வருஷம் நம்ம நாட்டிலேயே. மறைமலைநகரில் செய்த ஃபிகோ காருக்காக விளம்பர நிறுவனத்தில் சில சுவரொட்டிகளை வரைந்து இணையத்தில் ஏற்றினார்கள். டிக்கி பெரிசு என்று காட்ட, கைகால் கட்டிய பெண்களை அதில் அடைத்து வைத்த மாதிரி படம். முன்சீட்டில் இத்தாலியின் முன்னாள் பிரதமர் பெர்லுஸ்கோனி சிரித்துக்கொண்டிருப்பார். தில்லிக் கொடுமை நடந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஃபோர்டு மன்னிப்புக் கேட்டது. ஏஜென்சியில் பெரிய தலை ஒன்று பதவியை விட்டுப் போனது.

மறைமலைநகர் மாறன் எழுதியது:

அப்போது நான் அந்த வண்டிக்குப் பாகம் செய்து கொடுக்கிற ஒரு சின்ன யூனிட்டில் இருந்தேன். எங்கள் கையில் வந்தது டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங். மழைத் தண்ணி ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் விரலால் தடவிப் பார்ப்போம். அந்த டிக்கிக்கு இப்படி ஒரு படம் என்று டிவியில் பார்த்தபோது எங்களுடன் வேலை செய்த பெண்கள் ஒன்றுமே சொல்லவில்லை. சேனலை மட்டும் மாற்றினார்கள்.

நெறியாளர் எழுதியது:

'டீக்கடை'யின் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மதத்தை விட்டுவிட்டு காரைப் பற்றிப் பேசுங்கள்.

திருச்செங்கோடு சேகர் எழுதியது:

வாசு சார், எமனை வைத்து யாரும் கார் விளம்பரம் எடுக்கவில்லையா? நம்ம ஊரில் ஹெல்மெட் பிரசாரம் என்றால் சிக்னலில் ஒருத்தருக்குக் கிரீடமும் கதாயுதமும் கொடுத்து நிறுத்திவிடுகிறார்களே.

வசனம் வாசு எழுதியது:

மெர்சிடிஸே எடுத்திருக்கிறது, அவர்கள் ஊர் எமனை வைத்து. மூடுபனி, வெறிச்சோடிய ரோடு. ஓட்டுகிறவன் தற்செயலாகப் பக்கத்து சீட்டைப் பார்த்தால் கறுப்பு முக்காட்டில் மரணம் உட்கார்ந்திருக்கிறது. "சாரி" என்கிறது. அடுத்த கணம் முன்னால் ஒரு வண்டி. கார் தானாகவே பிரேக் போட்டு நின்றுவிடுகிறது. இப்போது ஓட்டுகிறவன் திரும்பி மரணத்தைப் பார்த்து, "சாரி". அவ்வளவுதான் படம். தானியங்கி பிரேக்கை இதைவிடச் சிக்கனமாக யாரும் விற்றதில்லை.

ஆடி கம்பெனி 2012 சூப்பர் பவுலில் எஸ்7 காரின் எல்இடி விளக்கை விற்க ரத்தக் காட்டேரிகளைக் கூட்டிவந்தது. காட்டுக்குள் பார்ட்டி நடக்கும். புதிதாக வருகிற காட்டேரி ஹெட்லைட்டை அணைக்க மறந்துவிடுவான். பகல் மாதிரி வெளிச்சம், கூட்டாளிகள் ஒவ்வொருத்தராகப் பொசுங்கிப்போவார்கள். கடைசியில் என்ன ஆயிற்று என்று பார்க்க அவனும் வெளிச்சத்துக்கு வந்துவிடுவான் பாவம்.

ஜெபமணி நாகர்கோவில் எழுதியது:

"சாரி" படம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் யாரும் யாரையும் ஆசைகாட்டவில்லை.

மலைக்கோட்டை முரளி எழுதியது:

அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். "திருக்கடையூர் கதைதானே இது?" என்றார். மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிப்பிடித்த இடத்தில் பிரேக்கைப் போட்டுவிட்டார்கள் என்று விளக்கமும் கொடுத்தார். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் அங்கேதான் செய்தோம், அதனால் எமன் விஷயத்தில் அம்மா கொஞ்சம் உரிமையோடு பேசுவார்.

கிளட்ச் கார்த்தி எழுதியது:

விளம்பரமே இல்லாமல் ஆவிகளை விற்கிற கம்பெனி ரோல்ஸ் ராய்ஸ். 1907-ல் சில்வர் கோஸ்ட், 1925-ல் ஃபேன்டம், 1938-ல் ரெய்த், 65-ல் சில்வர் ஷாடோ, இப்போது மின்சாரக் காருக்கு ஸ்பெக்டர். குடும்பமே ஆவி. எஞ்சின் சத்தமே கேட்காமல் வந்து நிற்கும் என்று பெருமை பேசத்தான் இந்தப் பெயர்கள். 2021-ல் நடிகர் விஜய்யின் நுழைவு வரி வழக்கில் நம்ம ஊரே பேசிய காரும் கோஸ்ட்தான்.

மிட்நைட் மதன் எழுதியது:

ஒரு பச்சைக் காட்டுப் பாதையில் கார் மெதுவாகப் போகும், திடீரென்று ஒரு பேய் மூஞ்சி கத்தும், அந்த வீடியோ எந்த காருக்கு?

வசனம் வாசு எழுதியது:

காருக்கே இல்லை தம்பி! 2004-ல் ஜெர்மனியில் வந்த ஒரு காபி பான விளம்பரம். தூக்கம் போய்விடும் என்று சொல்லத்தான் அந்தக் கத்தல். பிரவுசிங் சென்டர் காலத்தில் 'இந்த காரில் ஏதோ மர்மம், உற்றுப் பார்' என்று மெயிலில் சுற்றிவந்தது. நானும் மூக்கை மானிட்டரில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தவன்தான். பக்கத்து கேபினில் இருந்தவர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார்.

ஷோரூம் சுப்பு எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கோயம்புத்தூரில் கார் விற்கிறவன், கம்பெனி பெயர் வேண்டாம்.

முதலில் ஒன்று. அந்தப் பலகையில் இருந்தது ஆரம்ப விலை. ஆன்ரோடு விலை அல்ல. அதைப் பார்த்துவிட்டுச் சாத்தானை எழுப்பிவிட்ட அந்தப் பையன் ஷோரூமுக்குப் போனதும் என்ன ஆனான் என்று படத்தில் காட்டவே இல்லை. நான் காட்டுகிறேன்.

எங்கள் ஷோரூமில் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மேஜை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டி துடைத்து ரிப்பன் கட்டி நிற்கும். மேஜை அந்த இடத்தில் சும்மா போட்டதில்லை, கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்தால் வண்டி தெரிய வேண்டும். வங்கிக்காரர் கடன் ஒப்பந்தக் கட்டைப் பிரித்து, கையெழுத்து வர வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார். மாதா மாதம் கணக்கில் பணம் எடுக்க நாச் ஃபாரம். ஆர்சியில் வங்கி பெயர் ஏற ஃபாரம் 34. ஒரு ஆளுக்கு முப்பது, நாற்பது கையெழுத்து. பதினைந்தாவதுக்கு மேல் கையெழுத்தே மாறிப்போகும், அதற்கும் ஒரு கடிதம் எழுதி வாங்குவோம்.

இத்தனை வருஷத்தில் அதை முழுக்கப் படித்தவர் ஒரே ஒருத்தர். ரிட்டயர்டு தமிழாசிரியர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் படித்தார். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை என்று திருத்தினார். அப்புறம், "தம்பி, இதுல நான் செத்தா என்ன ஆகும்னு மூணு பக்கம் இருக்கு. உசுரோட இருந்தா என்ன ஆகும்னு அரைப் பக்கம்தான் இருக்கு" என்றார். பணமாகவே கட்டி சின்ன வண்டி ஒன்று எடுத்துப் போனார்.

மற்றவர்களெல்லாம் 60 மாதம், 84 மாதம். ஏழு வருஷம் கழித்துக் கடன் முடிந்து என்ஓசி வாங்க வரும்போது தலை நரைத்திருக்கும், வண்டிக்கும் ஆளுக்கும். எனக்கு நீள நகமும் கிடையாது, கறுப்பு கோட்டும் கிடையாது. கம்பெனி கொடுத்த நீலச் சட்டைதான். ஆனால் பேனாவை நீட்டுவது நான்தான்.

வசனம் வாசு எழுதியது:

சுப்பு சார்... நான் இனி இந்த இழையில் எழுத ஒன்றும் மிச்சமில்லை.

தர்ஷன் ஸ்காபரோ எழுதியது:

எனக்கு இன்னும் 41 மாசம் கிடக்கு. வாசிச்ச உடன ஒருக்கா எண்ணிப் பாத்தனான்.

ஜெபமணி நாகர்கோவில் எழுதியது:

முரளி, அம்மா அந்தக் காரில் ஏறினார்களா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

மலைக்கோட்டை முரளி எழுதியது:

ஏறினார் அக்கா. நேற்று சமயபுரம் போய் வந்தோம், வேண்டுதல் பாக்கி இருந்ததே. எலுமிச்சை மிளகாய்ச் சரத்தை அம்மாவே கோத்துக் கொண்டுவந்து முன்னால் கட்டினார். சேகர் அண்ணன் சொன்ன பூத முகம் ஸ்டிக்கராகக் கிடைக்குமா என்று வழியில் இரண்டு கடையில் விசாரித்தார். தம்பி கெஞ்சிக் கூத்தாடித் தடுத்துவிட்டான்.

தரிசனம் முடிந்து வரும்போது உச்சி வெயில். அவ்வளவு நேரம் வெட்டவெளியில் நின்ற கறுப்பு வண்டி எப்படி இருக்கும்? கதவைத் திறந்தால் அடுப்படி மாதிரி அனல். சீட்டும் கறுப்பு. அம்மா புடவை முந்தானையை மடித்துப் போட்டு மெல்ல உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம், "டேய், அந்த எமன்கிட்ட ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொல்லு" என்றார்.

தம்பி சிரித்துவிட்டான். கூட்டினான்.